ஏரிக்கரை அறிவும் ஏட்டுப் பதிவும்

ஒரு கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் பாம்பையும் தவளையையும் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று நம் இளைஞர்கள் வினவலாம். வினவுவது முறையே. கல்வி என்றால் பள்ளிக்கூடம், தேர்வு, பட்டம், பதவி என்ற வரிசைதான் நம் நினைவுக்கு வருகிறது. அந்த வரிசைக்காகவே நம் முன்னோர் போராடினர். அதன் அருமையை நாம் மறந்தோமில்லை. ஆயினும் பள்ளிக்கூடத்தின் வாயிற்படி மறுக்கப்பட்டிருந்த காலத்திலும் உழைக்கும் மக்களிடம் அறிவு இருந்தது. அது ஏட்டில் ஏறவில்லை. ஏறாத காரணத்தால், அறிவு என்றே மதிக்கப்படவில்லை. அந்த அறிவுக்கு நேர்ந்த கதையை, ஏரியிலும் கழனியிலும் சதுப்பு நிலத்திலும் வாழும் உயிர்களைப் பிடித்து, எண்ணி, பதிந்து வந்த வரலாற்றின் வழியே இங்குக் கூற விழைகிறோம்.

நம் பாட்டன்மார் நாற்று நடவும் களை பறிக்கவும் இறங்கிய கழனியை எண்ணிப் பாருங்கள். வரப்பில் உள்ள வளைகளுள் நண்டு வளை எது, எலி வளை எது, பாம்பு புகுந்த வளை எது என்று அறிந்தே அவர்கள் கை வைத்தனர். எந்தத் தவளை கத்தினால் மழை நெருங்கிற்று என்பதும், எந்தப் பாம்பு நீரில் நீந்தும், எது வைக்கோல் போரில் சுருண்டு கிடக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரியாமற் போனவர் கடிபட்டு மாண்டனர். இந்த அறிவில் கரைகண்டோர் நம் அண்டை அயலாரான இருளர் மக்கள். அவர்கள் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர். நாம் பட்டியல் சாதியினர். பட்டியல் வேறாயினும், ஊருக்கு வெளியே ஏரிக்கரையோரம் ஒதுக்கப்பட்ட வாழ்வு இரு சாராருக்கும் பொதுவாகவே இருந்தது. ஆதலின் அவர்களது வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று.

பெயர் யாருக்கு?

நம் நாட்டுப் பாம்புகளைப் பற்றிய முதற்பெரும் அச்சு நூலை எழுதியவர் பேட்ரிக் ரஸ்ஸல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராகச் சென்னை மாகாணத்தில் பணி செய்த அவர், சோழமண்டலக் கரையில் கிடைத்த பாம்புகளை வண்ணப் படங்களுடன் விளக்கி, 1796ஆம் ஆண்டு இலண்டனில் அந்நூலை வெளியிட்டார். பாம்புக்கடியால் மாளும் மக்களைக் காக்க, நஞ்சுள்ள பாம்பையும் நஞ்சற்ற பாம்பையும் வேறுபடுத்திக் காட்டவேண்டும் என்பதே அவரது நோக்கம். நோக்கம் நல்லது, உழைப்பும் பெரிது. அதை நாம் குறைத்துக் கூறோம்.

அந்நூலில் ஒரு சிறப்பும் உண்டு. இலத்தீன் பெயர் சூட்டும் முறையைப் பின்பற்றாமல், உள்ளூர் மக்கள் வழங்கிய பெயர்களையே ரஸ்ஸல் பல பாம்புகளுக்குக் குறித்தார். நாம் கண்ணாடி விரியன் என்று கூறும் பாம்பை, தெலுங்கு மக்கள் வழங்கிய ‘காடுக ரேகுல பொட’ என்ற பெயராலேயே அவர் எழுதினார். ஆனால் அடுத்த ஆண்டே, 1797இல், இலண்டனில் இருந்த ஜார்ஜ் ஷா என்பவர் அதே பாம்புக்கு ரஸ்ஸலின் பெயரை இலத்தீனாக்கிச் சூட்டினார். இன்றும் உலகம் அதனை ‘ரஸ்ஸல் விரியன்’ என்றே அழைக்கிறது. கழனியில் பிறந்த பெயர் மறைந்தது. நூல் எழுதியவர் பெயர் நின்றது. கட்டு விரியன் இனத்தின் அறிவியற் பெயரான ‘பங்காரஸ்’ என்பதில் மட்டும் ‘பங்காரம்’ என்னும் தெலுங்குச் சொல் எப்படியோ பிழைத்துக் கிடக்கிறது.

தரங்கம்பாடியிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கே சமயப் பணி செய்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்பவர், மீன்களையும் தவளைகளையும் பாம்புகளையும் சாராயத்தில் இட்டு ஜெர்மானிய அறிஞர்களுக்கு அனுப்பி வந்தார். நம் மண்ணுளிப் பாம்பு ஒன்றின் அறிவியற் பெயரில் இன்றும் ‘ஜான்’ வாழ்கிறார். பின்னர் வந்த ஜெர்டன் என்னும் படை மருத்துவர் 1853இல் தென்னிந்திய ஊர்வனவற்றுக்கு ஒரு பட்டியல் வகுத்தார். வயல்களில் வாழும் பெருந்தவளை ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவர்கள் தாமே நள்ளிரவில் சேற்றில் இறங்கி ஒவ்வோர் உயிரையும் பிடித்தனரா? இல்லை. பிடித்துக் கொணர்ந்தோர் உள்ளூர் மக்கள். காசு கொடுத்தால் கொணரும் ‘சுதேசிகள்’ என்ற பொதுச் சொல்லுக்குள் அவர்கள் பெயர் அடங்கிவிட்டது. ஊரும் நாளும் நீளமும் பதிவாயின. பிடித்த கை மட்டும் பதிவாகவில்லை. நம் கதையின் முதற்கட்டம் இது.

தோலும் காலும்

இரண்டாம் கட்டம் வணிகத்தால் வந்தது. செங்கற்பட்டுப் பகுதி இருளர், கன்னியம்மாளை வணங்கி, கையில் ஒரு கடப்பாரையுடன் புறப்பட்டு, எலியும் பாம்பும் பிடித்து வாழ்ந்தவர். இருபதாம் நூற்றாண்டில் பாம்புத் தோலுக்கு வெளிநாட்டில் கிராக்கி ஏற்பட்டது. கைப்பையும் காலணியும் செய்வதற்காகச் சாரையின் தோலும் நாகத்தின் தோலும் கப்பலேறின. உயிரைப் பணயம் வைத்துப் பிடித்தவருக்குக் கிடைத்தது அற்பக் கூலி. இடைத்தரகரும் தோல் ஏற்றுமதியாளரும் செழித்தனர். எலியைத் தின்னும் பாம்பு குறையக் குறைய, கழனியில் எலி பெருகிற்று.

1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. தடை தவறென்று நாம் கூறவில்லை. உயிரினம் அழிந்தால் கழனியும் அழியும். ஆனால் சட்டம் இயற்றியவர்கள் ஏற்றுமதியாளரின் கணக்கைப் பார்த்தனரே ஒழிய, வளை தோண்டியவனின் அடுப்பைப் பார்க்கவில்லை. நேற்று வரை தொழிலாளியாக இருந்தவன் ஒரே நாளில் குற்றவாளியானான். நிலமில்லை, பட்டாவில்லை, சாதிச் சான்றிதழ் பெறுவதும் அரிது. அதே 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தது என்பதை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கிறது. ஏனெனில் அதன் பின்னரும் பல இருளர் குடும்பங்கள் முன்பணக் கடனுக்காக அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் கொத்தடிமைகளாகக் கிடந்து, நெடுநாள் கழித்தே மீட்கப்பட்டன.

தவளையின் கதையும் இதை ஒத்ததே. மழைக்கால இரவுகளில் விளக்கொளியுடன் வயலில் இறங்கினால் தவளை அசையாது நிற்கும். கையாற் பிடித்துச் சாக்கில் இடலாம். நிலமற்ற கூலி மக்கள் இவ்வாறு பிடித்த பெருந்தவளைகளின் பின்னங்கால்கள் உறையவைக்கப்பட்டு, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் உணவாகச் சென்றன. 1980களின் தொடக்கத்தில் ஓராண்டில் 4,000 டன்னுக்கு மேல் ஏற்றுமதியான காலமும் உண்டு. பூச்சியையும் நண்டையும் தின்று பயிரைக் காத்த தவளை போனபின், பூச்சிமருந்து புட்டியில் வந்து சேர்ந்தது. 1985இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் நம் பெருந்தவளை இனங்கள் இரண்டு சேர்க்கப்பட்டன. 1987இல் இந்திய அரசு ஏற்றுமதியை அறவே தடை செய்தது. எத்தனை தவளை இருந்தது, எத்தனை போயிற்று என்று வயலில் நின்று எவரும் முன்னரே எண்ணி வைக்கவில்லை. ஏற்றுமதி டன் கணக்கு மட்டுமே நம்மிடம் எஞ்சியது.

1978: ஓர் ஆண்டில் இரு பதிவேடுகள்

எண்ணுவது எப்படி? பாம்பும் தவளையும் பறவையைப் போல வெளிப்பட நிற்பவை அல்ல. ஈரநிலத்தில் ஒரு பாம்பு காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குப் படாது. ஆகவே அறிவியலார் ஒரு முறையைக் கையாண்டனர். குட்டையைச் சுற்றித் தகட்டால் குட்டையான வேலி அமைப்பர். வேலியின் அடியோரம் இருபுறமும் வாளிகளை மண்ணில் புதைப்பர். முட்டையிட நீரை நாடி வரும் தவளை வேலியில் முட்டி, அதனையொட்டி நகர்ந்து வெளிப்புற வாளியில் விழும். வளர்ந்து நீரை விட்டுக் கரையேறும் குஞ்சு உட்புற வாளியில் விழும். நாள்தோறும் வாளிகளைப் பார்த்து, எண்ணி, எழுதி, விழுந்த உயிரை அது செல்லவிருந்த பக்கமே விட்டுவிடுவர். பாம்புக்குக் கம்பிவலையால் கூம்புப் பொறி செய்வர். நம் ஏரிகளில் மீன் பிடிக்க மூங்கிலால் பின்னும் பறியை அறிந்தவர்க்கு அது புதிதன்று: நுழையும் வாய் அகன்று, உள்ளே செல்லச் செல்லக் குறுகும், புகுந்தது திரும்பாது.

அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்துச் சவானா ஆற்றங்கரையில், ரெயின்போ பே என்னும் சிறு சதுப்புக் குட்டையைச் சுற்றி 1978ஆம் ஆண்டு இத்தகைய வேலி ஒன்று எழுப்பப்பட்டது. அதன் நீளம் 440 மீட்டர். அவ்விடம் அணுகுண்டு ஆலைக்கெனக் கையகப்படுத்தப்பட்ட நிலத்தில் உள்ளது. 1950களின் தொடக்கத்தில் எல்லென்டன் முதலிய ஊர்களிலிருந்து ஏறத்தாழ 6,000 பேர் அங்கிருந்து அகற்றப்பட்டனர். அவர்களுள் குத்தகைக்கு உழுத கறுப்பின மக்கள் பலர். மனிதர் அகற்றப்பட்ட மண்ணில் தவளைகள் எண்ணப்பட்டன என்பதையும் வரலாற்று மாணவர் குறித்துக் கொள்ளவேண்டும்.

அந்த எண்ணிக்கையின் பயன் பெரிது. 12 ஆண்டுகளின் பதிவை 1991இல் வெளியிட்டபோது ஓர் உண்மை புலப்பட்டது. மழை பொய்த்த ஆண்டில் குட்டை முன்னரே வற்றி, ஒரு குஞ்சும் கரையேறாது. மழை நிறைந்த ஆண்டில் ஆயிரக்கணக்கில் கரையேறும். ஓராண்டு பார்த்து ‘அழிந்தது’ என்பதும், மற்றோராண்டு பார்த்து ‘செழித்தது’ என்பதும் பிழை. நீண்ட நாள், இடைவிடாது, ஒரே இடத்தில் இருந்து பார்ப்பவரே உண்மை அறிவர். அவ்வாறு ஒரே ஏரியின் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர் நம் மக்கள். பார்வை அவர்களிடம் இருந்தது. பதிவேடு மட்டும் இல்லை.

அதே 1978ஆம் ஆண்டில், கடலுக்கு இப்பால், அந்தப் பதிவேடும் வந்து சேர்ந்தது. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர், பாம்பறிவில் இருளரே தம் ஆசான்கள் என்று கூறி வந்தவர். அவரது முயற்சியாலும் இருளர் பெரியோரின் துணிவாலும் ‘இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம்’ அவ்வாண்டு தோன்றியது. மாமல்லபுரத்திற்கு வடக்கே வடநெம்மேலியில் அது இயங்கி வருகிறது. கொன்று தோலுரிப்பது ஒழிந்தது. உயிரோடு பிடித்து, நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விடுவது தொழிலாயிற்று.

அதன் முறை எளிது, ஒழுங்கோ கடிது. ஆண்டுதோறும் எவ்வினத்தில் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை வரையறுக்கும். நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு இனங்களே பிடிக்கப்படும். பிடித்த பாம்பு சங்கத்தின் ஏட்டில் ஏறும். வாயில் துணி கட்டிய மண்பானையில் அதனை வைத்திருந்து, வாரம் ஒரு முறையாக நான்கு வாரத்தில் நான்கு முறை நஞ்சு எடுப்பர். பின்னர் வயிற்றுப் புறச் செதிளில் ஒரு சிறு நறுக்கு அடையாளம் இட்டு விட்டுவிடுவர். அடையாளமுள்ள பாம்பு மீண்டும் சிக்கினால், ‘இது முன்பே வந்து போனது’ என்று அறிந்து விடுவிப்பர். கரோலினாவில் தவளையின் விரல் நுனியை நறுக்கி அடையாளமிட்ட ஆய்வாளரும், வடநெம்மேலியில் செதிளை நறுக்கிய இருளரும் செய்தது ஒரே அறிவியற் செயல். ஒருவரை விஞ்ஞானி என்றும் மற்றவரைப் பாம்பாட்டி என்றும் உலகம் அழைத்தது, அவ்வளவே வேறுபாடு. இருளர் மகுடி ஊதி வித்தை காட்டும் பாம்பாட்டிகள் அல்லர் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறோம்.

அந்த நஞ்சு எங்குச் செல்கிறது? உறையவைத்து உலர்த்திய நஞ்சு, முறிமருந்து செய்யும் நிறுவனங்களுக்குச் செல்கிறது. சிறு சிறு அளவாகக் குதிரைக்குச் செலுத்தினால் அதன் குருதியில் எதிர்ப்பொருள் உண்டாகும். அதைப் பிரித்தெடுத்ததே முறிமருந்து. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டோர் ஏறத்தாழ 12 லட்சம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டொன்றுக்கு 58,000 உயிர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். வெறுங்காலுடன் சேற்றில் நிற்பவர் யார், தரையில் படுத்துறங்குபவர் யார் என்று நாம் விளக்கத் தேவையில்லை. நம் இல்லத்து உயிரைக் காத்த மருந்தின் முதல் துளியை எடுத்த கை, நம்மினும் கடையராக ஒதுக்கப்பட்ட ஓர் இருளரின் கை. இதை நம் இளைஞர் மறவாதிருத்தல் வேண்டும்.

கடல் கடந்த கடப்பாரை

2017ஆம் ஆண்டு சனவரியில் ஒரு புதுமை நிகழ்ந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து எவர்கிளேட்ஸ் பெருஞ்சதுப்பில், வளர்ப்புக்கென இறக்குமதியாகித் தப்பிய பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, முயலையும் பிற சிறு விலங்குகளையும் சூறையாடி வந்தன. அவை இருக்கும் இடத்திலேயே தேடினாலும் ஒன்று கண்ணில் படும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்பது அங்குள்ள ஆய்வாளர் கணிப்பு. 2016இல் ஏறத்தாழ 1,000 பேர் பதிவு செய்து ஒரு மாதம் போட்டியாக வேட்டையாடியும் 106 பாம்புகளே பிடிபட்டன. அந்நிலையில், புளோரிடா வன உயிர்த் துறையும் அம்மாநிலப் பல்கலைக்கழகமும் இருளர் இருவரை அழைத்தன. அவர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால். மொழிபெயர்ப்பாளர் இருவர் உடன் சென்றனர்.

முதல் 8 நாட்களில் 13 மலைப்பாம்புகளை அவர்கள் பிடித்தனர். கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளமொன்றின் குழாய்க்குள் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பும் அவற்றுள் ஒன்று. மற்றோர் சாலையோரமும் கரையோரமும் வண்டியில் சென்று தேடியபோது, இவர்கள் புதருக்குள் நுழைந்து, எச்சம், சட்டை, மண்ணில் ஊர்ந்த தடம் ஆகியவற்றைப் படித்தனர். ‘படித்தனர்’ என்ற சொல்லை அறிந்தே இடுகிறோம். ஏட்டைப் படிப்பது போலவே மண்ணைப் படிப்பதும் படிப்புத்தான். 2023ஆம் ஆண்டு இந்திய அரசு இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1796இல் பெயரின்றிப் போன கைகளுக்கு, 227 ஆண்டுகள் கழித்து இரு பெயர்கள் கிடைத்தன.

நமக்குரிய பாடம்

பெருமிதம் கொள்வோம், ஆயினும் பெருமிதத்தோடு நின்றுவிடலாகாது. இருவர் விருது பெற்றதனால் ஒரு குலத்தின் குடிசைக்குப் பட்டா வந்துவிடாது. வளையைக் காட்டியவர் இருளராகவும், கட்டுரை எழுதியவர் பிறராகவும் இருக்கும் நிலை முற்றும் மாறிவிடவில்லை. மேலும், இளைய தலைமுறை அந்த மண்படிப்பையும் மறந்து, ஏட்டுப்படிப்பிலும் பாதியில் நின்றுவிடுமாயின் இரண்டையும் இழந்தவராவோம்.

நம் ஏரிகளின் நிலையும் அவசரமானது. சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் குப்பை மேட்டாலும் கட்டடங்களாலும் சுருங்கிச் சுருங்கி, 2022இல்தான் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் நிலமாக அறிவிக்கப்பட்டது. அவ்வாறு காக்க முடிந்ததற்கு ஒரு காரணம், அங்கு எவ்வெவ் உயிர் வாழ்கிறது என்று சிலர் எண்ணி எழுதி வைத்திருந்தமை. எழுதப்படாத ஏரி, அரசு ஏட்டில் வெறும் தரிசு. தரிசென்று எழுதப்பட்டது நாளை மனைப்பிரிவாகும். ஏரி போனால் முதலில் வேலை இழப்பவரும், வெள்ளம் வந்தால் முதலில் வீடு இழப்பவரும் கரையோரம் குடியிருக்கும் நாமே.

ஆதலின் இளைஞர்க்கு எளிய பணி ஒன்றைக் கூறுகிறோம். பாம்பைப் பிடிக்க முனையாதீர்; அது உயிருக்கு இடர், உரிமமின்றிச் செய்தால் சட்டப்படிக் குற்றமும் ஆகும். பொறி வைக்கவும் வேண்டா. ஒரு குறிப்பேடு போதும். மழைக்காலத்து இரவில் ஏரிக்கரையில் நின்று, எத்தனை விதத் தவளைக் குரல் கேட்கிறது என்று நாளும் நேரமும் இட்டு எழுதுங்கள். எந்தக் குரல் எதனுடையது என்பதைக் கழனியில் வாழ்ந்த தாத்தாவிடமும் ஆயாவிடமும் கேளுங்கள். அவர் கூறும் பெயரை அப்படியே எழுதுங்கள். அதன் அருகே அவர் பெயரையும் மறவாமல் எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே கரையில் நின்று எழுதுங்கள். உங்களுள் ஒருவர் விலங்கியல் பயின்று ஆய்வாளராகலாம். அப்போது அந்தக் குறிப்பேடே முதற்சான்றாகும்.

பிடித்தவன் ஒருவன், எழுதியவன் ஒருவன் என்று இருந்த காலம் நெடிது. அறிந்தவனே எழுதுபவனாகவும் ஆகும் காலத்தைத் தோற்றுவிப்பதே கல்விக் கழகத்தின் கடமை. அடுத்த வெள்ளிவிழாவின்போது நம் ஏரியில் எத்தனை தவளை இனம் உண்டு என்று எவரேனும் வினவினால், நம் பிள்ளைகள் எழுதிய ஏட்டை எடுத்துக் காட்டும் நிலை வரவேண்டும். அதற்கு இந்த மழைக்காலத்திலேயே முதல் வரியை எழுதத் தொடங்குவோமாக.